பொருள் வேறு, கோலம் வேறு



இன்றைய பேச்சு கணினியைப் பற்றியது. உடனே வானொலியை நிறுத்திவிடாதீர்கள். கணினியைத் தொட்டே பாராத பெரியவர்களுக்கும், கைப்பேசியில் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதோடு சரி என்றிருக்கும் தாய்மார்களுக்கும் விளங்கும்படியாகவே சொல்லப் போகிறேன். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இதில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

பால்மரத்திலிருந்தே தொடங்குவோம். மங்கில் வடிந்த பாலை, அது நீராக இருக்கும்போதே வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டு போனால் அதற்கு ஒரு விலை. நேரம் தப்பி மங்கிலேயே உறைந்துவிட்டால் அது கட்டிப்பால். அதற்கு விலை வேறு. காரணம் என்ன? உறையாத பாலுக்கு இன்னும் ஒரு வடிவமும் வரவில்லை. அமிலம் ஊற்றித் தட்டில் உறைய வைத்தால் அது தகடாகும். ஆலைக்குப் போய், அச்சை அதில் தோய்த்தெடுத்தால் கையுறையாகும், பலூனாகும். கட்டிப்பாலோ மங்கின் வடிவத்தையே தன் வடிவமாக வாங்கிக்கொண்டது. அதை அரைத்துக் கட்டியாக்கி டயருக்கு அனுப்பலாம். கையுறை செய்ய முடியாது. உறைந்தது மறுபடியும் பாலாகாது என்பது மரம் சீவிய கைகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி.

இணையத்தில் ஏற்றப்படும் எழுத்துக்கும் இதே கதைதான். சொல்ல வந்த செய்தி ஒன்று. அது கண்ணுக்குத் தோன்றும் அளவு, நிறம், அலங்காரம் இன்னொன்று. முதலாவதை உள்ளடக்கம் என்பார்கள். நாம் பொருள் என்று சுருக்கமாக வைத்துக்கொள்வோம். இரண்டாவதைக் கோலம் என்போம். இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தால் வேண்டிய நேரத்தில் வேண்டிய அச்சில் ஊற்றிக்கொள்ளலாம். சேர்த்து உறைய வைத்துவிட்டால் கட்டிப்பால்தான். தமிழர்களாகிய நாம் இணையத்திற்குள் நுழைந்த முதல் பத்தாண்டில் ஏராளமான கட்டிப்பாலைச் சேர்த்து வைத்துவிட்டோம். அது எப்படி நேர்ந்தது, அதிலிருந்து எப்படி மீண்டோம், இன்னமும் எங்கே அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில், இணையப் பக்கம் எப்படி எழுதப்படுகிறது? ஷா ஆலம் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் வரலாறு, ஆசிரியர் பெயர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட அறிவிப்பு, பரிசளிப்பு விழாப் படங்கள் என்று 40 பக்கங்கள். பக்கத்துக்கு 5 தலைப்புகள். இவற்றை உருவாக்கிய இளைஞர், ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் “இது சிவப்பு, இது பெரிய எழுத்து” என்று தனித்தனியே எழுதிவிட்டார். ஆக 200 இடங்களில் சிவப்பு. அடுத்த ஆண்டு புதிய தலைமையாசிரியர் வருகிறார். பள்ளிக் கொடியின் நீலத்தில் தலைப்புகள் இருந்தால் நன்றாயிருக்குமே என்கிறார். நியாயமான ஆசைதான். ஆனால் 200 இடங்களிலும் கை வைத்தாக வேண்டும். இருபது இடங்கள் விட்டுப்போகும். பாதி சிவப்பும் பாதி நீலமுமாகப் பக்கம் பல்லிளிக்கும்.

சரியான முறை இரண்டு ஏடுகளாக எழுதுவது. முதல் ஏட்டில் பொருள் மட்டும். “இது தலைப்பு. இது பத்தி. இது பட்டியல். இது படம், படத்தில் இருப்பது இன்னது.” இப்படி ஒவ்வொன்றும் என்னவென்று மட்டும் குறிக்கப்படுகிறது. இந்த ஏட்டை எழுதும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். இரண்டாவது ஏட்டில் கோலம் மட்டும். “தலைப்பு என்று எங்கெல்லாம் குறித்திருக்கிறதோ அங்கெல்லாம் நிறம் சிவப்பு. கைப்பேசியின் சிறு திரையானால் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு. தாளில் அச்சடித்தால் பின்னணி நிறம் வேண்டாம்.” இதற்கு சி.எஸ்.எஸ். என்று பெயர். 40 பக்கங்களும் இந்த ஓர் ஏட்டைப் பார்த்தே உடுத்திக்கொள்கின்றன. தலைமையாசிரியர் நீலம் கேட்டால் இரண்டாவது ஏட்டில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

இது கணினிக்காரர்கள் புதிதாகக் கண்ட ஞானம் என்று எண்ணிவிட வேண்டாம். ஈய எழுத்துகளை அச்சுக்கோத்த காலத்தில் நம் நாளேடுகளின் அச்சகங்களில் நடந்ததும் இதுதான். கட்டுரை எழுதியவர் கையால் எழுதிக் கொடுப்பார். ஆசிரியர் குழுவினர் ஓரத்தில் “தலைப்பு”, “துணைத்தலைப்பு” என்று குறிப்பார்கள். அச்சுக்கோப்பவர் அதற்கேற்ற எழுத்தைப் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுப்பார். எழுதியவருக்கு எழுத்தின் பருமனைப் பற்றிக் கவலை இல்லை. அச்சுக்கோத்தவர் கட்டுரையின் சொல்லைத் தொடுவதில்லை. கணினி வந்து எல்லாருடைய வேலையையும் ஒருவர் தலையிலேயே கட்டியபோதுதான் இந்த ஒழுங்கு குலைந்தது.

இணையப் பக்க முறையை வகுத்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா நகரை ஒட்டியுள்ள செர்ன் என்னும் ஆய்வுக்கூடத்தில் 1989இல் தம் திட்டத்தை முன்வைத்தார். அங்கே பல நாட்டு விஞ்ஞானிகள் பலவகைக் கணினிகளை வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றவர் தம் கணினியில் படிக்க வேண்டும். ஆகவே தொடக்கத்தில் பக்கங்கள் “இது தலைப்பு, இது பத்தி” என்று மட்டுமே சொல்லின. எப்படிக் காட்டுவது என்பதை அந்தந்தக் கணினி பார்த்துக்கொண்டது. பிறகு 1993, 1994 ஆண்டுகளில் இணையம் கடைத்தெருவுக்கு வந்தது. வண்ணமும் பகட்டும் வேண்டியவர்கள் பெருகினார்கள். நெட்ஸ்கேப் போன்ற உலாவிகள் எழுத்தின் அளவையும் நிறத்தையும் பொருளுக்குள்ளேயே திணிக்கும் குறிகளைக் கொடுத்தன. கணக்கு எழுத வேண்டிய அட்டவணையைக் கட்டம் போட்டுப் பக்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்தினார்கள். இடைவெளி விட வேண்டுமானால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை நடுவில் செருகினார்கள். லயத்துச் சுவரில் விரிசல் விழுந்த இடத்தில் தகரத்தை வைத்து ஆணி அடித்த கதைதான்.

இதைக் கண்டு, நார்வேயைச் சேர்ந்த ஹாக்கோன் வியும் லீ என்பவர் 1994 அக்டோபர் 10ஆம் நாள் கோலத்துக்குத் தனி ஏடு வேண்டும் என்ற யோசனையை வெளியிட்டார். அதுவே வளர்ந்து, 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் விதியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு, எழுத்து அலங்காரக் குறிகளை இனிக் கைவிட வேண்டியவை என்று அறிவித்தது. சொன்னவுடன் ஊர் கேட்டுவிடுமா? கேட்கவில்லை. 2003இல் கனடாவில் டேவ் ஷே என்பவர் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். ஒரே கட்டுரையை வைத்தார். அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், கோல ஏட்டை மட்டும் மாற்றி மாற்றி, பார்த்தவர் வெவ்வேறு பக்கம் என்றே நினைக்கும்படி பல வடிவங்களில் காட்டினார். உலகெங்கிலுமிருந்து வடிவமைப்பாளர்கள் ஆளுக்கொரு கோலம் அனுப்பினார்கள். மூலவர் ஒருவரே, காலையில் சந்தனக்காப்பு, மாலையில் இராஜ அலங்காரம் என்று நம் கோயில்களில் பார்ப்போமே, அதைப் போல.

இனி தமிழுக்கு வருவோம். நம் சங்கடம் ஆங்கிலேயர் சங்கடத்தைவிட ஒரு படி ஆழமானது. அவர்களுக்குத் தலைப்பின் நிறம்தான் பொருளோடு ஒட்டிக்கொண்டது. நமக்கோ எழுத்தே கோலமாகிப் போயிற்று. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் அது சேமிக்கிறது. தோட்டத்துச் செக்ரோலில் ஆளுக்கோர் எண் இருந்ததல்லவா, அப்படி. அந்நாளைய கணினிகளில் மொத்தம் 256 எண்கள். அவற்றில் முதல் 128 எண்களை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் எடுத்துக்கொண்டன. தமிழுக்கு என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் எதுவும் கிடையாது. இந்த நிலையில்தான் மலேசியரான முத்து நெடுமாறன், கவிஞர் முரசு நெடுமாறனின் புதல்வர், 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கி வழங்கினார். எழுத்துரு என்பது எழுத்துகளின் வடிவங்களை அடுக்கி வைத்த பெட்டி. பழைய ஈய எழுத்துப் பெட்டிக்கு இன்றைய வாரிசு. இவர்கள் எல்லாரும் இல்லாத பாதையை வெட்டியவர்கள். குறை அவர்களிடம் இல்லை. பொது எண் இல்லாததால் ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டதுதான் குறை.

ஓர் உதாரணம். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் புழங்கிய பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய அறைகளில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். பாமினியில் “தமிழ்” என்ற சொல்லை அடித்தால் கணினி சேமித்து வைப்பது என்ன தெரியுமா? ஆங்கில ஜே, கே, பீ, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது “தமிழ்” என்று காட்சி தரும். இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகளும் பொருளற்றுக் கிடக்கும். வேறொரு எழுத்துரு போட்டால் வேறேதோ உளறும். வெளித்தோற்றத்தில்தான் தமிழ் இருந்தது. உள்ளே தமிழே இல்லை. தேடினால் அகப்படாது. அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் அடுக்காது.

இதனால் நமக்கென்ன நட்டம் என்று கேட்பீர்கள். ஷா ஆலம் என்று இன்று மாநகராக நிற்கும் மண், 1978இல் சிலாங்கூரின் தலைநகராவதற்கு முன் ரப்பரும் செம்பனையும் நின்ற மண். லயங்கள் போயின, ஸ்டோர் போயிற்று, பிரட்டுக்களம் போயிற்று. மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்பதைப் போலச் சில பள்ளிகள் மட்டும் பெயரில் தோட்டத்தைச் சுமந்துகொண்டு, வீடமைப்புப் பகுதிகளின் நடுவே நிற்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுதும் இதே கதைதான். இந்தத் தோட்டங்களில் யார் யார் இருந்தார்கள், கோயிலை எந்த ஆண்டு கட்டினார்கள், எந்த ஆசிரியர் பாடம் சொன்னார், திருவிழாவில் கூத்துப் போட்டவர் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் அரசாங்க ஆவணங்களில் இல்லை. கோயில் குடமுழுக்கு மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும்தான் இருக்கின்றன. 1990களில் வந்த மலர்கள் பல, கணினியில் இப்படிப்பட்ட எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. மலர் அச்சாகி வெளிவந்தது. கோப்பு ஒரு வட்டில் தங்கியது. இருபது ஆண்டு கழித்து அந்த வட்டைப் போட்டுத் திறந்தால் ஜே, கே, பீ, ஓ. பாட்டனின் பெயர் அங்கேதான் இருக்கிறது. யாராலும் படிக்க முடியவில்லை.

இதற்கு மருந்து, எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஓர் எண்பட்டியல். ஒருங்குறி என்று தமிழில் சொல்கிறோம். யூனிகோட் என்பது அதன் அனைத்துலகப் பெயர். அதன் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் 128 அறைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் கணினிகளும் உலாவிகளும் அதைப் பயன்படுத்தும் நிலைக்கு வர மேலும் பத்தாண்டு பிடித்தது. இடைக்காலத்தில் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் அறிஞர்கள் கூடிப் பேசினார்கள். 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. எந்தக் குறியீடு நல்லது என்பதில் காரசாரமான வாதங்கள் இருந்தன; இன்றும் ஒருங்குறியில் தமிழுக்குக் கொடுத்த இடம் போதாது என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். ஆயினும் எல்லாரும் ஒரே பட்டியலுக்கு வந்தது பெரிய காரியம். தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

இப்போது அதே “தமிழ்” என்ற சொல்லைப் பாருங்கள். ஒருங்குறியில் அது ஐந்து எண்கள்: 2980, 2990, 3007, 2996, 3021. தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. ஷா ஆலத்தில் அடித்தாலும் யாழ்ப்பாணத்தில் அடித்தாலும் லண்டனில் அடித்தாலும் இதே ஐந்து எண்கள். அதைத் தடித்த எழுத்தில் காட்டுவதா, கையெழுத்துப் போலக் காட்டுவதா என்பது எழுத்துருவின் பாடு. எழுத்துரு தொலைந்து போனாலும் எண்கள் போகா. வேறொரு எழுத்துரு வந்து அதே சொல்லைக் காட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. “கொ” என்ற எழுத்தை எழுதும்போது நம் கை முதலில் கொம்பு போடுகிறது, பிறகு ககரம், பிறகு கால். பழைய எழுத்துருக்கள் கண் பார்த்த வரிசையிலேயே மூன்று துண்டுகளாகச் சேமித்தன. ஒருங்குறியோ முதலில் ககரத்தையும், பிறகு ஒகரத்தின் குறியையும் சேமிக்கிறது. காது கேட்கும் வரிசை அது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது திரையில் காட்டும்போது நடக்கும் அலங்கார வேலை. பொருளையும் கோலத்தையும் பிரிப்பது ஓர் எழுத்துக்குள்ளேயே நடந்துவிட்டது பாருங்கள்!

மூத்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். முன்பெல்லாம் “லை”, “ணை” முதலிய எழுத்துகளை யானைத் துதிக்கை போலச் சுழித்து எழுதுவோம். 1978இல் தமிழகத்தில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. நம் நாட்டிலும் பின்னர் அதுவே வழக்காயிற்று. ஒருங்குறியில் இரண்டு வடிவத்துக்கும் எண் ஒன்றே. பழைய வடிவம் கொண்ட எழுத்துருவைப் போட்டால் இன்று எழுதிய கட்டுரையும் துதிக்கையோடு தோன்றும். இன்னொரு சங்கதி: ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் உள்ள தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயர் தமிழ் சங்கம் எம்.என். அந்த எம்.என். முத்து நெடுமாறனின் பெயர்ச் சுருக்கம்.

எழுத்துச் சிக்கல் இப்படிப் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் பக்கச் சிக்கல் தீரவில்லை. அதைப் புரிந்துகொள்ள பிரிக்பீல்ட்ஸுக்குப் போக வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோலோடு அந்தத் தெருக்களில் நடப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களும் கணினி பழகுகிறார்கள், கைப்பேசி பழகுகிறார்கள். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. இப்போது கைப்பேசிகளிலேயே அது உள்ளடங்கி வருகிறது, தமிழையும் வாசிக்கிறது. அந்த மென்பொருளுக்குச் சிவப்பும் தெரியாது, பருமனும் தெரியாது. “இது தலைப்பு” என்று முதல் ஏட்டில் குறித்திருந்தால், தலைப்புக்குத் தலைப்பு தாவி, வேண்டிய இடத்தில் நின்று வாசிக்கச் சொல்லலாம். நாம் செய்தித்தாளைப் புரட்டும்போது கண்ணால் செய்வதை அவர்கள் காதால் செய்கிறார்கள். தலைப்பு என்று குறிக்காமல் வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால், அவர்கள் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சர்க்கரை நோயால் பார்வை மங்கி வரும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். பொருள் தனியே இருந்தால் கைப்பேசியில் எழுத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினாலும் வரிகள் மடங்கிக் கொடுக்கும், திரையைவிட்டு ஓடா.

இதைவிடவும் அன்றாடம் நடப்பது ஒன்று. கோயில் அறிவிப்பானாலும், பள்ளி அறிவிப்பானாலும், இரத்ததான முகாமானாலும், ஒரு படமாகச் செய்து புலனக் குழுவில் தட்டிவிடுகிறோம். புலனம் என்றால் வாட்ஸாப். மேலே விநாயகர், நடுவில் பூ, ஓரத்தில் தங்க நிறக் கொடி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் உள்ள தேதியும் நேரமும் இடமும் கட்டிப்பாலாகிவிட்டன. பார்வையற்றவரின் கைப்பேசி “படம்” என்று சொல்லி நிறுத்திவிடும். மூன்று மாதம் கழித்து “எந்தத் தேதி?” என்று குழுவில் தேடினால் கிடைக்காது. தமிழ் படிக்கத் தெரியாத மருமகளோ அண்டை வீட்டு மலாய்க்காரரோ மொழிபெயர்த்துப் பார்க்க நினைத்தாலும் எளிதில் முடியாது. படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. பூப்போட்ட பின்னணியில் வளைத்து எழுதிய தமிழைக் கண்டால் அவையும் தடுமாறுகின்றன.

எடையையும் பாருங்கள். 300 குறிகள் கொண்ட ஒரு தமிழ் அறிவிப்பு எழுத்தாகப் போனால் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. அதே அறிவிப்பு படமாகப் போனால் சாதாரணமாகச் சில நூறு கிலோபைட். வீட்டில் இணையம் நன்றாக இருக்கும் நாளில் இது ஒரு பொருட்டன்று. 2021 டிசம்பர் 18ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறி, குடும்பங்கள் மாடியிலும் கூரையிலும் உட்கார்ந்திருந்த நாள். அப்படிப்பட்ட இரவில், மின்சாரம் போய், கைப்பேசியில் மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பவருக்குத் துயர்துடைப்பு மையம் எங்கே என்பது எழுத்தாக வருவதும், வந்தும் திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் படமாக வருவதும் ஒன்றாகுமா? படம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தின் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் தட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. இடைநிலைப்பள்ளியில் கணினி அறிவியல் படிப்பவர்கள் இணையப் பக்கம் எழுதிப் பார்ப்பீர்கள். எடுத்தவுடன் நிறத்தில் இறங்காதீர்கள், தம்பி, தங்கச்சி. முதலில் கோலமே இல்லாமல், வெள்ளைத் திரையில் கறுப்பெழுத்தாக, பொருள் ஏட்டை மட்டும் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். வரிசை விளங்குகிறதா என்று கேளுங்கள். அப்படியே படித்தால் விளங்கும் பக்கத்துக்குப் பிறகு எந்த உடுப்பும் பொருந்தும். சொற்செயலியில் கட்டுரை அடிக்கும்போதும் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விடுவதோடு நிற்காமல், அங்கே “தலைப்பு” என்று ஒரு பாணி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பொருளடக்கத்தை அதுவே தயாரித்துக் கொடுக்கும்.

பொருளையும் கோலத்தையும் எப்போதும் கத்தியால் வெட்டியது போலப் பிரித்துவிட முடியுமா? முடியாது. வெண்பாவின் அடி எங்கே மடங்குகிறது என்பது அலங்காரமன்று; அது பாட்டின் உடம்பு. அதைக் கோல ஏட்டுக்குத் தள்ளினால் பாட்டு உரைநடையாகிவிடும். நம் பழம் புலவர்கள் தேர் வடிவிலும் பாம்பு வடிவிலும் எழுத்துகளை அமைத்துச் சித்திரகவி பாடினார்கள். அங்கே வடிவமே பொருள். சம்பளக் கணக்கின் கட்டங்களும் அப்படித்தான். எந்த எண் எந்த ஆளுக்கு என்பதைக் கட்டம்தான் சொல்கிறது. சந்தேகம் வந்தால் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: இந்தப் பக்கத்தை ஒருவர் வானொலியில் வாசித்தால் இது போய்விடுமா, நிற்குமா? சிவப்பு போய்விடும். தலைப்பு நிற்கும், வாசிப்பவர் குரலை நிறுத்தி வாசிப்பார். அடி மடங்குவதும் நிற்கும். எனக்கு இந்த அளவுகோல் பெரும்பாலும் கைகொடுத்திருக்கிறது.

கடைசியாக, வீட்டிலோ கோயில் அலுவலகத்திலோ பழைய வட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு. அவற்றை எறிந்துவிடாதீர்கள். மரத்துக் கட்டிப்பாலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால், எந்த அறையில் எந்த எழுத்து என்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதற்கொண்டு பழைய நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் கணினியில் ஏற்றியது. தொடக்கத்தில் பழைய குறியீட்டில் இருந்தவற்றை இப்படித்தான் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்கள். பொங்குதமிழ், என்.எச்.எம். என்ற பெயர்களில் மாற்றிகளும் உருவாயின. கணினி படித்த பிள்ளைக்கு இது ஓர் ஞாயிற்றுக்கிழமை வேலை.

வட்டின் உறையின் மேல் மூன்று செய்திகளை எழுதி ஒட்டுங்கள்: எந்த ஆண்டு, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு. எழுத்துருவின் பெயர் மறந்துவிட்டால், அன்று தட்டச்சு செய்தவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள், இப்போதே கேளுங்கள். அச்சிட்ட மலர் ஒரு பிரதியாவது அகப்பட்டால் பத்திரப்படுத்துங்கள்; மாற்றிய பிறகு ஒப்பிட அது வேண்டும். முக்கியமாகப் பெயர்ப் பட்டியலைக் கணினியை நம்பி விட்டுவிடாதீர்கள். ஓர் ஒற்று பிசகினாலும் ஆள் மாறிப்போகும். அந்தத் தோட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேரப்பிள்ளை ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவர் சரி பார்க்கட்டும்.